வெளியேறும்போது

ஹூசவிக் துறையில் ஐந்தரைக்கு ஏலம் தொடங்கும்.
காட் நாற்பத்திரண்டு பெட்டி,
ஹேடாக் பதினேழு,
ஓநாய்மீன் மூன்றே மூன்று, பெட்டிகூட இல்லாமல்.
விலை திரையில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும்,
யாராவது பொத்தானை அழுத்தும் வரை.

ஆறு மணி ஏழு நிமிடத்துக்குத் திரை நின்றது.
திங்களும் நின்றது, புதனும்.

பெர்குர் கத்தவில்லை.
ஏலக்கூடத்திலிருந்து தொலைபேசியில் சொன்னான்:
"ஸ்டெய்னுன், மீன் பொறுத்துக்கொள்ளும்.
லாரி பொறுக்காது."

லாக் கோப்பில் ஒரே வரி, அறுநூறு தடவை:
கைகாட்டி இல்லை.
கேட்ட எண்ணில் எதுவுமே இல்லை.

தரவுத்தளம் என்றால் ஒரு ஆள் அல்ல.
இருபத்துமூன்று புராசஸ்கள்,
ஒன்றின் முகத்தை இன்னொன்று பார்த்ததில்லை.
நடுவில் ஒரு துண்டு நினைவகம், எல்லாருக்கும் பொது.
அதில் யார் எழுதலாம், யார் நிற்க வேண்டும் என்று சொல்லத்தான்
கைகாட்டிகள்.
ரயிலே ஓடாத இந்தத் தீவில்
நூற்றுப் பன்னிரண்டு கைகாட்டி நட்டு வைத்திருக்கிறேன்.
யாரோ வேரோடு பிடுங்குகிறார்கள்.

முதலில் ரேமைச் சந்தேகித்தேன்.
விடிய விடியச் சோதித்தும் ஒரு பிட் பிசகவில்லை.
பிறகு வட்டை, பிறகு மின்சாரத்தை.
பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது,
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த ஹ்ரெய்னை.
அவன் டென்மார்க் போய் இரண்டு வருடம் ஆகிறது.

பொது நினைவகத்தின் அளவைக் கூட்டினேன்.
குறைத்தேன்.
மறுபடி கூட்டினேன்,
காது வலிக்குக் கண்ணாடி மாற்றியது போல.

காவலையும் கூட்டினேன்.
காலையில் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவள்
நான்கு தடவை போனேன்.
நுழைவேன்.
எண்ணுவேன். நூற்றுப் பன்னிரண்டும் நிற்கும்.
அப்பாடா என்று வெளியேறுவேன்.

விழும்.

கணினி என்றால் மவுஸ் என்று நினைக்கிற பெர்குர்தான்
கையுறையைக் கழற்றாமல் காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னான்:
"போன வாரம் பல் பிடுங்க அக்குரேய்ரி போனாயே,
அந்த மூன்று நாளும் ஒழுங்காக ஓடியது."

குற்றமாகச் சொல்லவில்லை.
கிழமையைச் சொன்னான், அவ்வளவுதான்.

இரண்டு ஜன்னல் திறந்தேன்.
ஒன்றில் ரூட்டாக உட்கார்ந்து எண்ணினேன்: நூற்றுப் பன்னிரண்டு.
மற்றதில் தரவுத்தளத்தின் பெயரிலேயே நுழைந்து
ஒரு எழுத்துகூடத் தட்டாமல்
மூச்சைப் பிடித்துக்கொண்டு
வெளியேறினேன்.
எண்ணினேன்.
பூஜ்யம்.

அந்தக் கணக்கைத் திறந்தபோது ஹ்ரெய்ன்
அது இயந்திரத்துக்கு என்று குறிக்கவில்லை.
மனிதர் என்றே விட்டுவிட்டான்.
மனிதர் போனால் அறையைப் பெருக்க வேண்டும் என்பது
போன மாதம் நான் ஏற்றிய புதிய பதிப்பு கொண்டுவந்த மரியாதை.
நான் கதவைச் சாத்தியதும் துடைப்பத்தோடு வருகிறது.
உள்ளே இருபத்துமூன்று பேர்
எழுதிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது.
புறம்போக்கில் கிடந்த சாமான் என்று
எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது.
பகையில்லை. சுத்தம்.

ஆக, அவன் பாதி, நான் பாதி.
அவன் ஒரு தடவை செய்தது. நான் தினமும்.

திருத்தம் ஒரே ஒரு சொல்.
"ஆம்" என்று இருந்த இடத்தில் "இல்லை".
அதை எழுதிவிட்டும்
வெளியேறும் கட்டளையின் மேல் விரலை வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

"என்னதான் கோளாறு?" என்றான் பெர்குர்.
"நான்தான்" என்றேன்.
விளக்கத் தொடங்குவதற்குள் அடுத்த படகு வந்துவிட்டது.

இன்று ஏலம் ஆறு ஐம்பதுக்கு முடிந்தது.
காட் எல்லாம் போயிற்று, ஹேடாக்கும்.
ஓநாய்மீனைக் கேட்பார் இல்லை.
அதில் ஒன்று இப்போது என் வீட்டு ஃப்ரீசரில்
பல் அத்தனையும் காட்டிக்கொண்டு கிடக்கிறது.